கடல் இல்லாத கிணறு

சுகந்தி பதினாறு அடி தோண்டிவிட்டாள். அலவாங்கும் இல்லை, மண்வெட்டியும் இல்லை. ஒற்றை விரல்தான்.

ரப் என்கிற கைக்கணினியின் கண்ணாடித் திரையில் செம்மண் போனது. மஞ்சள் மணல் போனது. பிறகு சாம்பல் நிறத்தில் ஒரு பாறைத் தட்டு குறுக்கே வந்து நின்றது. 'கடினமான பாறை! உடைத்துச் செல்லத் துணிவுண்டா?' என்று ஒரு பெட்டிக்குள் எழுத்துகள் மின்னின. பத்தாம் வகுப்பின் பத்தொன்பது பிள்ளைகளும் கதிரைகளை விட்டு எழும்பி அவளுடைய மேசையை மொய்த்துக்கொண்டு நின்றார்கள்.

"உடையடி சுகந்தி, என்ன பாத்துக்கொண்டிருக்கிறாய்?"

"பொறு, பலம் காணாது. முதல்ல மண்ணை வெளியில அள்ளு."

"இவ கொப்பர் கிணறு வெட்டினவரெல்லே. இவவுக்கு நீ சொல்லிக் குடுக்கிறியோ?"

சுகந்தி விரலை அழுத்தினாள். பாறை பொரிந்து விழுந்தது. அடியிலிருந்து நீல நிறத் தண்ணீர் சீறிக்கொண்டு மேலே வந்தது. ஒரு மணியோசை; மூன்று நட்சத்திரங்கள். 'வாழ்த்துகள்! நீங்கள் நிறைந்த ஊற்றைக் கண்டுபிடித்துவிட்டீர்கள்!' வகுப்பே கூக்குரலிட்டது. பக்கத்து வகுப்பு ஆசிரியர் ஜன்னலால் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

கரும்பலகையடியில் சோக்கட்டியோடு நின்ற ஜெனீற்றா ரீச்சருக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. ஒன்பது வருடமாக இதே வகுப்பில் இதே நிலத்தடி நீர்ப் பாடத்தைப் படிப்பித்து வருகிறாள். ஒவ்வொரு வருடமும் பலகையில் ஒரு தீவைக் கீறி, அதற்குள் கவிழ்த்த சட்டியும் நிமிர்த்திய சட்டியும் ஒட்டினாற்போல நல்ல தண்ணீரை வரைந்து, அதற்குக் கீழே கோடு கோடாகக் கடலை வரைவாள். பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள். பின்வாங்கில் ஒருவன் தூங்கி விழுந்து வாங்கோடு சரிந்ததும் உண்டு. இன்றைக்கு இடைவேளை மணி அடித்தும் ஒருவரும் வெளியே போகவில்லை.

அந்தச் சட்டிப் படத்தைக் கீறத்தான் அவள் சோக்கை எடுத்தவள். கீறவில்லை. நாளைக்குக் கீறலாம் என்று சோக்கைப் பெட்டிக்குள் போட்டாள்.

நோர்வேயில் இருக்கும் பழைய மாணவர்கள் பத்து ரப் வாங்கி அனுப்பியிருந்தார்கள். புவி விஞ்ஞானத்தை விளையாட்டாகப் படிப்பிக்கும் செயலி ஒன்று அதற்குள் இருந்தது. எரிமலையை வெடிக்க வைக்கலாம், ஆற்றைத் திருப்பிவிடலாம், கிணறு வெட்டலாம். அதைப் பழக்கிக் காட்ட யாழ்ப்பாணத்திலிருந்து அனோஜன் என்று ஒரு திட்ட உத்தியோகத்தர் வந்தான். சிரித்த முகம், சுறுசுறுப்பான பிள்ளை. பயிற்சி முடிந்து தேத்தண்ணீர் குடிக்கும்போது ஜெனீற்றா அவனிடம் கேட்டாள்.

"தம்பி, இந்தக் கிணத்து விளையாட்டில உப்புத் தண்ணி இல்லையே? எவ்வளவு தோண்டினாலும் நல்ல தண்ணிதானே வருது?"

"அது வேற நாட்டில செய்தது ரீச்சர். எங்கட ஆக்கள் தமிழ்ப்படுத்தினது மட்டும்தான். கடல் எல்லாம் அடுத்த வேர்ஷன்ல வரும்."

"எங்கட இடத்துக்கு அதுதானே முக்கியம்?"

"நீங்கள் இருக்கிறீங்கள்தானே, வாயால சொல்லிவிடுங்கோ" என்று அவன் இன்னொரு பிஸ்கற்றை எடுத்தான்.

அவன் சொன்னதில் பிழையில்லை. வாயால் சொல்லிவிட்டால் போதும். தீவு முழுக்கச் சுண்ணாம்புக் கல். மழைத் தண்ணீர் அதற்குள் இறங்கி, கீழே ஊறி நிற்கும் கடல் தண்ணீருக்கு மேலே எண்ணெய் மாதிரி மிதக்கிறது. மெல்ல அள்ளினால் தரும். ஆழப்படுத்தினால் கடல் ஏறிவிடும். இரண்டு நிமிடப் பேச்சு.

மூன்று கிழமை போயிற்று. அவள் சொல்லவில்லை.

முதல் கிழமை, பிள்ளைகள் விளையாட்டை விட்டுத் தலை நிமிரவில்லை. இரண்டாம் கிழமை, தவணைச் சோதனையில் வகுப்புக்கே புள்ளி கூடியது. விளையாட்டில் பிழை இருக்கிறது என்று இந்த நேரத்தில் சொன்னால் ஆசை விட்டுப் போய்விடும் என்று பயந்தாள். மூன்றாம் கிழமை, அதிபர் சரவணமுத்து அவளைக் கூப்பிட்டார்.

"ரீச்சர், வாற வியாழன் நோர்வே ஆக்களும் கல்விக் கந்தோர் ஆக்களும் வருகினம். உங்கட வகுப்பைத்தான் காட்டப்போறம். அந்தக் கிணறு வெட்டுற பிள்ளையை நல்லாப் பழக்கி வையுங்கோ."

"ஓம் சேர்" என்றாள் ஜெனீற்றா. வியாழன் முடியட்டும், வெள்ளிக்கிழமை முதல் வேலையாகச் சட்டிப் படம் என்று மனதுக்குள் நாள் குறித்தாள். சுகந்தி வீட்டிலும் பழகட்டும் என்று ஒரு ரப்பை அவளுடைய கையிலேயே கொடுத்து அனுப்பினாள்.

சுகந்தியின் வீடும் ஜெனீற்றாவின் வீடும் ஒரே ஒழுங்கைதான். ஊர்காவற்றுறை வீதியிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் அந்த ஒழுங்கையில் ஏழு வீடு. எல்லாம் கடலுக்குப் போகிற குடும்பங்கள். வளவுக்கு ஒரு கிணறு இருந்தாலும் அவையெல்லாம் சவர், உப்புக் கரிக்கும். குளிக்கலாம், உடுப்புத் தோய்க்கலாம், அவ்வளவுதான். குடிக்கவும் சமைக்கவும் ஒழுங்கையின் நடுவில் ஒரே ஒரு நல்ல தண்ணீர்க் கிணறு. ஏழு வீட்டின் காணி உறுதியிலும் 'கிணற்றிற் பங்கும் வழிவாய்க்காலும்' என்று எழுதிக் கிடக்கிறது. காணி விற்றாலும் பங்கும் சேர்ந்தே போகும். மற்ற ஒழுங்கைகள் பிரதேச சபையின் தண்ணீர்ப் பவுசருக்குப் பிளாஸ்ரிக் கானோடு காத்து நிற்கும்போது இந்த ஏழு வீட்டுப் பெண்களும் கொஞ்சம் தலையை நிமிர்த்தித்தான் நடப்பார்கள்.

கிணற்றுக்கு ஒரு முறையும் உண்டு. அன்னம்மாள் திருநாளுக்கு முந்திய சனிக்கிழமை, வீட்டுக்கு ஒரு ஆம்பிளை வந்து, தண்ணீரை இறைத்து, சேற்றை அள்ளி, பாசியை உரஞ்சிக் கழுவ வேண்டும். அடியில் ஒரு கல்லுத் தட்டு இருக்கிறது. அதுவரைக்கும்தான். வருடா வருடம் கிணற்றுக் கட்டில் நின்று பார்த்துக்கொள்கிறவர் யாக்கோப்பர். எழுபது வயது, வாயைத் திறந்தால் ஏச்சு.

"தட்டில ஆரும் அலவாங்கு போட்டால் கையை முறிப்பன்!"

"ஏன் அம்மான், தட்டுக்குக் கீழ தங்கமோ கிடக்கு?" என்று இளந்தாரிகள் சிரிப்பார்கள்.

"எனக்கென்னடா தெரியும்? ஐயா தொடாதை எண்டவர். தொடாதை எண்டால் தொடாதை."

அவருக்கும் காரணம் தெரியாது. ஒழுங்கை முழுவதிலும் காரணம் தெரிந்தது ஒரே ஒருத்திக்குத்தான். அவள் வெள்ளிக்கிழமைக்கு நாள் குறித்து வைத்திருந்தாள்.

அந்த வருடம் சோளகக் காற்று பேயாய் அடித்தது. ஆறு மாதம் மழையில்லை. கிணற்றில் வாளி தட்டில் இடித்தது. ஒரு குடும்பத்துக்கு நாளைக்கு மூன்று வாளி என்று கணக்கு வந்து, நாலாவது வாளிக்குச் சண்டையும் வந்தது. துப்புரவு நாள் நெருங்கும்போது யாக்கோப்பர் ஊரில் இல்லை. மன்னாரில் மகளுக்குப் பிள்ளை பிறந்திருக்கிறது என்று போயிருந்தார்.

சுகந்தியின் தகப்பன் பிலிப்பு எட்டு வயதில் இடம்பெயர்ந்து வன்னிக்குப் போனவன். அங்கேதான் வளர்ந்தான். ஊர் திரும்பிக் கடலுக்குப் போகத் தொடங்கும்வரை அவனுக்குக் கிணறு வெட்டுவதுதான் தொழில். வன்னியில் இருபத்தைந்து, முப்பது அடியில் பாறை வரும். பாறையை உடைத்தால் தண்ணீர் கொப்பளித்துக்கொண்டு வரும். அது அவன் கையால் கண்ட உண்மை. துப்புரவுக்கு முதல் நாள், வெள்ளிக்கிழமை பின்னேரம், மகள் ரப்பை மடியில் வைத்து விரலால் தோண்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பாருங்கோ அப்பா, இதுதான் தட்டு. இதுக்கு மேல நிண்டால் ஒரு நட்சத்திரம்தான். உடைச்சாத்தான் மூண்டு."

"அதைத்தானே பிள்ளை நான் பத்து வருசமாக் கத்துறன். இந்த யாக்கோப்பர் விடுறாரோ?" என்றான் பிலிப்பு. "உங்கட ரீச்சர் என்ன சொல்லுறா?"

"ரீச்சர் எனக்கு வெரி குட் போட்டவ."

அது போதுமாயிருந்தது.

சனிக்கிழமை ஜெனீற்றா பள்ளிக்கூடத்தில் இருந்தாள். வியாழக்கிழமைக்கு வரவேற்புப் பதாகைக்கு எழுத்து வெட்டிக்கொண்டிருந்தாள். மத்தியானம் வீட்டுக்கு வந்தபோது அவளுடைய புருசன் டினேஷ் முழங்கால்வரை சேற்றோடு குசினி வாசலில் நின்று சிரித்தான்.

"ஜெனி, உம்மட பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போடோணும். தட்டை உடைச்சாச்சு! தண்ணி குபுகுபுவெண்டு வருது. நான்தான் கயிறு பிடிச்சனான்."

அவள் பையைக் கதிரையில் வைக்காமல் நிலத்தில் போட்டுவிட்டு ஓடினாள்.

கிணற்றடி திருவிழாவாய் இருந்தது. பெண்கள் தண்ணீர்ப் பரலோடும் கானோடும் நின்றார்கள். இரண்டு வீட்டு இறைக்கும் மிசின்கள் ஒரே நேரத்தில் இரைந்தன. ஒரு குழாய் தென்னங்கன்றுகளுக்குப் போனது, இன்னொன்று பிலிப்புவின் வலைகளை அலசிக்கொண்டிருந்தது. நல்ல தண்ணீரில் வலை கழுவியதை அந்த ஒழுங்கை அன்றைக்குத்தான் கண்டது. கிணற்றுக் கட்டில் சுகந்தி இருந்தாள். முகம் வெயிலில் பளபளத்தது.

"நிப்பாட்டுங்கோ! மிசினை நிப்பாட்டுங்கோ!" ஜெனீற்றா கத்தினாள். "பிலிப்பு அண்ணை, தட்டுக்குக் கீழ உப்புத் தண்ணி. கெதியாக் களிமண்ணும் கல்லும் போட்டு மூடோணும்!"

பிலிப்பு ஒரு வாளியை அவள் முன்னால் நீட்டினான். "குடிச்சுப் பாருங்கோ ரீச்சர்."

அவள் கையில் ஏந்திக் குடித்தாள். குளிர்ச்சியாய் இருந்தது. விழுங்கிய பிறகு, நாக்கின் அடியில் மட்டும் ஒரு சின்னக் கரிப்பு.

"எப்பிடி?"

"இப்ப தெரியாது அண்ணை. இறைக்க இறைக்கத்தான் ஏறும்."

"உங்கட ரப்பிலதானே கிடக்கு! என்ர பெட்டை மூண்டு நட்சத்திரம் எடுத்தவள், நீங்கள் வெரி குட் போட்டனீங்கள்."

"ரீச்சருக்குத் தான் படிப்பிச்சதிலயே நம்பிக்கையில்லைப் போல" என்று யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். சுகந்தியின் தாய் கத்தரீனா, "பாவம், விடுங்கோ. வெயிலுக்குள்ள ஓடி வந்த களைப்பு" என்றாள்.

ரப்பில் பிழை இருக்கிறது, அது எனக்கு முதல் நாளிலிருந்தே தெரியும் – இதைத்தான் அவள் சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தாள். கிணற்றுக் கட்டில் இருந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்த பிள்ளையைக் கண்டாள். வியாழக்கிழமையும் கண்ணுக்கு முன்னால் வந்தது. "அது… அது வேற நாட்டுக்குச் செய்தது" என்று மட்டும் சொன்னாள். மிசின் சத்தத்தில் அது அவளுக்கே சரியாகக் கேட்கவில்லை.

சனியும் ஞாயிறும் திங்களும் மிசின் ஓயவில்லை. ஆறு மாத வறட்சிக்குப் பிறகு கிடைத்த தண்ணீர், யார் விடுவார்கள்?

செவ்வாய்க்கிழமை விடிய கத்தரீனா வைத்த தேத்தண்ணீரில் பால் திரைந்தது. பால்மாப் பக்கற் பழுது என்று நினைத்து அதைத் தூக்கிக்கொண்டு கடைக்குச் சண்டைக்குப் போனாள். கடைக்காரன் தன் வீட்டுத் தண்ணீரில் ஒரு கரண்டி மாவைக் கரைத்துக் காட்டினான். திரையவில்லை. திரும்பி வரும் வழியில், ஒழுங்கையின் இரண்டாம் வீட்டிலும் பால் திரைந்தது என்றார்கள். நாலாம் வீட்டிலும் அப்படித்தான். பகல் சமைத்த பருப்பு அவியவில்லை. பின்னேரம் குடித்தவர்கள் எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். கடல் தண்ணீர் வாயில் படுவது அவர்களுக்குப் புதிதில்லை. வீட்டுக் குவளையிலிருந்து படுவதுதான் புதிது.

அன்றைக்கு ஐந்தரை பஸ்ஸில் யாக்கோப்பர் வந்து இறங்கினார். விசயத்தைக் கேட்டு நேரே கிணற்றடிக்குப் போனார். ஒரு வாய் எடுத்துத் துப்பினார். எல்லோரும் ஏச்சுக்குத் தயாராய் நின்றார்கள். அவர் ஏசவில்லை. தோளில் கிடந்த சால்வையை எடுத்து விரித்து, கட்டில் உட்கார்ந்து, உள்ளே குனிந்து பார்த்தபடியே இருந்தார். கொஞ்ச நேரத்தில் அவருடைய தோள் குலுங்கியது.

புதன்கிழமை ஏழு வீட்டு ஆம்பிளைகளும் வண்டில் வண்டிலாய்க் களிமண் கொண்டுவந்து, உடைத்த இடத்தில் கொட்டி, கல் அடுக்கி, மிதித்து இறுக்கினார்கள். டினேஷ்தான் உள்ளே இறங்கினான். ஜெனீற்றா மேலே நின்று எப்படிப் போட வேண்டும் என்று சொன்னாள். இப்போது எல்லோரும் அவளுடைய சொல்லைக் கேட்டார்கள்.

"சரி வருமோ ரீச்சர்?"

"தெரியாது. உப்பு மேல கலந்திட்டுது. மழை வந்து மெல்ல மெல்லத் தள்ளோணும்."

"எத்தினை மாசம்?"

"மாசமில்லை, வருசக்கணக்கு" என்றாள்.

வேலை முடிந்ததும் விசாரணை தொடங்கியது. தட்டை உடைக்கச் சொன்னது ஆர் என்றார் யாக்கோப்பர்.

"நான்தான்" என்றான் பிலிப்பு.

"பெட்டை ஏதோ படத்தில காட்டினவளாமே?"

"பெட்டை ஒண்டும் காட்டேல்லை. வன்னியில வெட்டின கொழுப்பு எனக்கு. அவளை இதுக்குள்ள இழுக்காதையுங்கோ."

"ஏழு வீட்டுத் தண்ணியடா! உன்ர ஒரு பங்கை உடைச்சிருந்தால் நான் கேட்கமாட்டன்."

பிலிப்பு தலையைக் குனிந்துகொண்டு நின்றான். வேலிக்கு அந்தப் பக்கம் சுகந்தி நிற்பதை ஜெனீற்றா கண்டாள். இப்போதாவது சொல் என்று மனது உந்தியது. நாளைக்கு, வந்தவர்கள் போகட்டும் என்று இன்னொரு மனது இழுத்தது. டினேஷ் பக்கத்தில் வந்து, "ஏன் உமக்கு இப்பிடி வேர்க்குது?" என்றான். "ஒண்டுமில்லை" என்றாள்.

வியாழக்கிழமை மண்டபம் நிறைந்திருந்தது. நோர்வேயிலிருந்து வந்த நாலு பேர், கல்விக் கந்தோர் அதிகாரிகள், பெற்றோர். கமராவோடு அனோஜன் அங்கும் இங்கும் ஓடிக்கொண்டிருந்தான். சுகந்தி இரண்டு நாளாகப் பள்ளிக்கூடம் வரவில்லை; அதிபர் சரவணமுத்து காலையில் வீட்டுக்கே போய், "பள்ளிக்கூடத்தின்ர மானம் பிள்ளை" என்று கெஞ்சிக் கூட்டி வந்திருந்தார். கத்தரீனாவும் பின்னால் வந்து கடைசி வாங்கில் இருந்தாள்.

சுகந்தி மேடையில் ஏறினாள். ரப்பைப் பெரிய திரையோடு இணைத்திருந்தார்கள்.

"இவதான் எங்கட கிணறு வெட்டுற சம்பியன்!" என்று அனோஜன் ஒலிவாங்கியில் சொன்னான். "தங்கச்சி, வெட்டிக் காட்டுங்கோ பாப்பம்."

அவள் விரலை வைத்தாள். செம்மண் போனது, மணல் போனது, தட்டு உடைந்தது. நீலத் தண்ணீர் சீறியது. மணியோசை, மூன்று நட்சத்திரம். வந்தவர்கள் கைதட்டினார்கள். அனோஜன் ரப்பை வாங்கக் கையை நீட்டினான். அவள் கொடுக்கவில்லை. விரலை எடுக்காமல் தோண்டிக்கொண்டே இருந்தாள். முப்பது அடி. அறுபது. நூறு. திரை முழுக்க நீலம். நட்சத்திரங்கள் விழுந்துகொண்டே இருந்தன. கைதட்டல் ஓய்ந்து, நாலைந்து பேர் சிரித்து, அந்தச் சிரிப்பும் நின்றது.

"எவ்வளவு தோண்டினாலும் நல்ல தண்ணிதான் வருது சேர்" என்றாள் சுகந்தி. குரல் உடையவில்லை. "இதுக்குள்ள கடல் இல்லை."

"அது… அது அடுத்த வேர்ஷன்ல…" என்று தொடங்கிய அனோஜன் பாதியில் நிறுத்திக்கொண்டான். அவனுடைய கண் தானாக ஜெனீற்றாவிடம் போயிற்று. சுகந்தி அந்தக் கண் போன வழியே திரும்பினாள்.

"ரீச்சர், உங்களுக்குத் தெரியுமோ?"

ஒலிவாங்கி திறந்தே இருந்தது. கேள்வி மண்டபத்தின் கடைசி வாங்குவரை போயிற்று. அதிபர் சரவணமுத்து எழும்பி ஏதோ சைகை காட்டினார். ஜெனீற்றாவுக்குத் தப்பிக்க வழி இருந்தது. 'அது பிறகு கதைப்பம் பிள்ளை' என்று ஒரு சொல் போதும். அந்தப் 'பிறகு' என்ற சொல்லால்தான் ஏழு வீட்டுக் குடிதண்ணீரே போயிற்று.

"ஓம்" என்றாள்.

"எப்ப தெரியும்?"

"முதல் நாளே தெரியும். நான் உங்களுக்குப் படம் கீறிச் சொல்லியிருக்கோணும். நீங்கள் ஆசையா விளையாடினீங்கள், அதைக் கெடுக்க மனம் வரேல்லை. பிறகு இந்தக் கூட்டம் வந்திட்டுது." கடைசி வாங்கைப் பார்த்துச் சொன்னாள்: "கத்தரீனா அக்கா, பிழை பிலிப்பு அண்ணையின்ர இல்லை. பிள்ளையின்ரயும் இல்லை. என்ர."

கத்தரீனா எழும்பினாள். மேடையடிக்கு நடந்து வந்தாள். ஏசப் போகிறாள், அடிக்கப் போகிறாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவள் ஜெனீற்றாவைப் பார்க்கவேயில்லை. மகளுடைய கையிலிருந்து ரப்பை வாங்கி மேசையில் வைத்தாள். பிள்ளையின் தோளைப் பிடித்துக்கொண்டு வெளியே போனாள்.

அன்று பின்னேரம் டினேஷ் குசினிக்குள் வந்து, சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டான்.

"கயிறு பிடிச்சவன் நான். என்னட்டையாவது ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே?"

பதிலுக்குக் காத்து நிற்காமல் வெளியே போனான்.

விளக்கம் கேட்டுக் கல்விக் கந்தோரிலிருந்து அவளுக்குக் கடிதம் வந்தது. பதில் எழுதிக் கொடுத்தாள். அது பெரிய காரியமில்லை. ஒழுங்கைக்குச் செவ்வாயும் வெள்ளியும் பவுசர் வரத் தொடங்கியது. மற்ற ஒழுங்கைப் பெண்கள், "ஓகோ, இப்ப நீங்களும் வரிசைக்கு வந்தாச்சோ?" என்று கேட்டார்கள். ஜெனீற்றாவோடு மற்ற ஆறு வீட்டிலும் ஒருவரும் சண்டை பிடிக்கவில்லை. கதைக்கவுமில்லை. அவள் கானோடு போனால் அவளுக்கு முன்னும் பின்னும் ஒரு ஆள் இடைவெளி விழும். யாக்கோப்பர் மட்டும் ஒரு நாள் ஒழுங்கையில் மறித்துக் கேட்டார்.

"ஏனெண்டு தெரியாமலே நான் இத்தனை வருசம் காத்தனான். தெரிஞ்ச உமக்கு மூண்டு கிழமை காக்க ஏலாமல் போச்சோ?"

பிலிப்புவின் கதை வேறு. பிழை அவனுடையதில்லை என்று மண்டபத்திலேயே சொல்லியாயிற்று; ஆனாலும் அலவாங்கு பிடித்தது அவனுடைய கைதானே. ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அவன் வலை இழுக்கப் போனால் கூட வருகிறவர்கள் குறைந்தார்கள். பவுசர் வரிசையில் அவன் தானாகவே கடைசிக்குப் போய் நின்றான். இரண்டு தரம் அவனுடைய முறை வருமுன் தண்ணீர் முடிந்தது.

கார்த்திகையில், முதல் மழை பெய்து இரண்டாம் நாள், கத்தரீனாவின் ஆட்கள் இருக்கும் முழங்காவிலுக்கு அவர்கள் வெளிக்கிட்டார்கள். லொறியில் வலைகளும் இரண்டு கட்டிலும் ஒரு அலுமாரியும் ஏறின. ஜெனீற்றா அவர்கள் வீட்டுப் படலையடிவரை போனாள். பிலிப்பு அலுமாரிக்குக் கயிறு இறுக்கிக்கொண்டு, "போட்டு வாறம் ரீச்சர்" என்றான். அதற்குள் கோபம் ஒன்றும் இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

சுகந்தி லொறியின் பின்பலகையில் கால் வைத்துவிட்டுத் திரும்பினாள். அந்த வியாழக்கிழமைக்குப் பிறகு அவள் ரீச்சரோடு பேசிய முதற்பேச்சு அது.

"அந்தப் படத்தை இப்ப கீறுறனீங்களோ ரீச்சர்?"

"ஓம் பிள்ளை. எல்லா வகுப்பிலயும். முதல் பாடமே அதுதான்."

"தூங்குறாங்களோ?"

"இப்ப ஒருத்தரும் தூங்குறதில்லை."

சுகந்தி தலையை ஆட்டிவிட்டு ஏறினாள். லொறி சேற்றை வாரி அடித்துக்கொண்டு வீதிக்கு ஏறியது.

மார்கழி முழுக்க மழை. கிணறு நிறைந்தது. நிறைந்து, கட்டைத் தொட்டுக்கொண்டு, குனிந்தால் கையால் அள்ளலாம் என்கிற அளவுக்கு வந்து நின்றது. அந்த ஒழுங்கையில் யாரும் அவ்வளவு தண்ணீரை அந்தக் கிணற்றில் கண்டதில்லை.

வெள்ளிக்கிழமைகளில் பள்ளிக்கூடம் விட்டதும் ஜெனீற்றா ஒரு சிறிய போத்தலில் அந்தத் தண்ணீரை எடுத்து விஞ்ஞான கூடத்துக்குக் கொண்டுபோவாள். சோதனைக் குழாயில் ஊற்றி, வெள்ளி நைத்திரேற்றில் ஒரு துளி விடுவாள். உப்பு இல்லையென்றால் தண்ணீர் தெளிவாய் நிற்கும். இருந்தால் வெளுக்கும்.

வருடத்தின் கடைசி வெள்ளிக்கிழமை, விடுமுறையிலும் கூடத்தைத் திறந்து ஒரு துளி விட்டாள். குழாயை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாள். துளி விழுந்த இடத்திலிருந்து வெள்ளை நூல் நூலாய் இறங்கி, அடிவரை போய், குழாய் முழுவதும் திரைந்த பால் போலாயிற்று.

குழாயைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். பவுசர் வருகிற நேரம். கானை எடுத்துக்கொண்டு வரிசைக்குப் போனாள்.